பொருந்தாத எண்கள்

மண்சரிவுக்கு மறுநாள் கண்டியிலுள்ள நிவாரண அலுவலகத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். ஓய்வுபெற்றவளாக இருந்தாலும் பெர்ல் என்ற கணினி மொழியில் புரோகிராம் எழுதத் தெரிந்தவள் என்று யாருக்கோ ஞாபகம் வந்திருக்கிறது. காணாமல்போனவர்கள், முகாம்களில் இருப்பவர்கள், பிரேத அறையில் இருப்பவர்கள் என்று மூன்று டெக்ஸ்ட் ஃபைல்கள். மூன்றையும் ஒன்றாக்க வேண்டும்.

ஆளைப் பொருத்திப் பார்க்கும் கீயாகப் பெயரை வைக்க முடியாது. ஒரே பெயரை ஆளுக்கொரு விதமாக டைப் பண்ணியிருந்தார்கள். அதனால் அடையாள அட்டை எண்ணை வைத்தேன். காணாமல்போனவர்களை ஹாஷ் என்ற அட்டவணையில் ஏற்றி, மற்ற ஃபைல்களை வரிவரியாக வாசித்து, எண் பொருந்தினால் ஆள் எங்கே என்று எழுத வேண்டும். சின்னப் புரோகிராம்தான்.

மனைவியைத் தேடி வந்த செல்வராஜ் அலுவலக வாசலைவிட்டு நகரவேயில்லை. மலை சரிந்தபோது அவர் பல்லேகல ஃபாக்டரியில் ஷிஃப்டில் இருந்தார். மனைவி புஷ்பம் கம்பளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் தனியாக இருந்திருக்கிறார். புரோகிராமை ஓட்டியதும் உள்ளே வந்து கேட்டார்.

"பிரேத லிஸ்ட்ல இருக்குங்களா, மிஸ்?"

"இல்லைங்க."

"அப்ப உசுரோடதான் இருக்கும்."

போய் உட்கார்ந்து, முதல் தடவையாகத் தேத்தண்ணி வாங்கிக் குடித்தார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. இத்தனை பேர் ஒரு ஃபைலிலும் இல்லாமல் எங்கே போவார்கள்? பொருந்தாத வரிகளை மட்டும் பிரின்ட் எடுத்துப் பார்த்தேன். வீட்டார் மனப்பாடமாகச் சொன்னது பழைய எண், ஒன்பது இலக்கமும் கடைசியில் 'வி' என்ற ஆங்கில எழுத்தும். முகாமிலும் பிரேத அறையிலும் எழுதியிருந்தது புது அட்டையின் பன்னிரண்டு இலக்கம். ஆள் ஒன்றுதான், எண் இரண்டு.

பழைய எண்ணுக்கு முன்னால் 19, அதன் ஐந்தாம் இலக்கத்துக்குப் பிறகு ஒரு பூச்சியம், 'வி'யை எடுத்துவிட வேண்டும். ஒரே வரியில் அதை எழுதித் திரும்ப ஓட்டினேன். முகாம்களில் நிறையப் பேர் கிடைத்தார்கள். பக்கத்து மேசைக்காரர்கள் கைதட்டினார்கள்.

புஷ்பத்தின் வரியும் பொருந்தியது. ஆற்றில் அடித்துவரப்பட்டு, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் ஒதுங்கிய உடல். சேலை முடிச்சில் புது அட்டை இருந்ததாம்.

கைதட்டல் கேட்டுச் செல்வராஜ் சிரித்த முகத்தோடு வந்தார். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை. பழைய எண்ணைப் புது வடிவத்துக்கு மாற்றியதில் கிடைத்ததைச் சொன்னேன். குனிந்து திரையில் அந்த எண்ணைப் பார்த்தார்.

"அந்தப் பழைய நம்பரையே விட்டிருக்கலாமே, மிஸ்."



இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஃபைல்களைச் சேர்க்கும் முன் கீயை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். பொருந்தாத வரியை வைத்துக்கொண்டு யாரிடமும் 'இல்லை' என்று சொல்லாதீர்கள். என்னுடைய 'இல்லைங்க'வை நம்பித்தான் அந்த மனிதர் தேத்தண்ணி குடித்தார்.