ரோல்ஸுக்கு முன்னால் ஒரு கதை

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குப் பக்கத்து மண்டபத்தில் புத்தகத் திருவிழா வைப்பதென்று முடிவானதும், அதில் எப்படியெல்லாம் பங்குபற்றலாம் என்று ஓர் அறிவித்தல் போட்டார்கள். படித்து முடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம். சிறுவர்களுக்குக் கதை சொல்லலாம். எழுதியதை மேடையில் வாசிக்கலாம். ஒன்றும் வராதவர்கள் கதிரை தூக்கலாம். முதல் கூட்டத்தில் எல்லாவற்றுக்கும் கையை உயர்த்தியவள் நான் ஒருத்திதான்.

விழாக்குழுத் தலைவர் ஓய்வுபெற்ற கணக்காளர். மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, எல்லாத்தையும் நீர் செய்தா நாங்கள் வீட்ட இருக்கலாமோ?"

"இருக்கலாம் அங்கிள். தலைமையுரைக்கு மட்டும் வாங்கோ."

அந்த வாய்க்குக் கிடைத்ததுதான் தேநீர்ப் பொறுப்பு. உலக இலக்கியத்தைப் பற்றிக் கதைக்க ஆயத்தமாக வந்தவளிடம் தேநீரோடு கொடுக்கும் ரோல்ஸையும் பற்றிஸையும் ஒப்படைத்தார்கள்.

எனக்கு உண்மையில் வேறொரு அவசரம் இருந்தது. அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருக்கும் என் சிநேகிதி கொட்டாஞ்சேனைக்காரி. கதை எழுதுவாள், எழுதுவதை எனக்கு மட்டும்தான் காட்டுவாள். ஒன்றையாவது இந்த மேடையில் வாசி என்று நான் கரைச்சல் கொடுத்துக் கொடுத்து, கடைசியில் என் வாயை மூடுவதற்காகவே சம்மதித்தாள். ஆனால் ஒரு நிபந்தனையோடு.

"நான் வெறுங் கதிரையளுக்கு வாசிக்கமாட்டன். ஆக்கள் இருக்கவேணும். இல்லாட்டி இனி ஒரு கதையும் உனக்குக் காட்டமாட்டன், எழுதவும் மாட்டன். சொல்லிப்போட்டன்."

அவள் சும்மா சொல்கிறவள் இல்லை. ஒருமுறை கன்டீன் சாப்பாடு சரியில்லை என்றவள், அதன் பிறகு அந்தப் பக்கமே போனதில்லை.

விழா நாளன்று மண்டபம் நிறைந்திருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்க விஷயம் மெல்ல விளங்கியது. எங்கள் ஆட்கள் விழா என்றால் வருகிற எல்லோருக்கும் மேடையில் ஒரு வேலை வைத்துவிடுவார்கள். விளக்கின் ஒரு திரியை ஏற்றுபவர், ஆசியுரை சொல்பவர், பொன்னாடை போர்த்துபவர், அதைப் போர்த்திக்கொள்பவர், போர்த்தியவருக்கு மாலை போடுபவர். கேட்பதற்கென்று ஒருவரையும் அழைக்க யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. தன் வேலை முடிந்தவர் "ஒரு சின்ன அலுவல் இருக்கு" என்று நழுவுவார். மிச்சப் பேர் தேநீருக்காக இருப்பார்கள். தேநீர் குடித்ததும் அவர்களுக்கும் சின்ன அலுவல் வந்துவிடும்.

என் சிநேகிதியின் வாசிப்பு தேநீருக்குப் பிறகு.

தலைவரிடம் ஓடினேன்.

"அங்கிள், அந்த வாசிப்பைத் தேத்தண்ணிக்கு முதல் வைக்கேலாதோ?"

"நிகழ்ச்சிநிரல் அச்சடிச்சாச்சு பிள்ளை. அச்சடிச்சா மாத்தேலாது."

அச்சடித்ததை மாற்ற முடியாதுதான். ஆனால் தேநீர் வராவிட்டால்? அது என் பொறுப்பு அல்லவா. அதுவரை அவமானமாகத் தெரிந்த பதவி திடீரென்று மந்திரிப் பதவி போலத் தோன்றியது.

குசினியில் தேநீர் ஊற்றுகிற சிங்கள அண்ணர் தலையை நீட்டினார். "மிஸ், தே லேஸ்தி."

"தவ டிக்கக் இன்ன, அய்யே." தயாரான தேநீரை இன்னும் கொஞ்சம் பிடித்துவைக்கச் சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அவர் முகத்தில் அது எழுதியிருந்தது.

கடைசிப் பொன்னாடையும் போர்த்தியாயிற்று. தலைவர் வந்தார்.

"வாசம் வருது, தட்டு வரேல்லையே பிள்ளை?"

"ரோல்ஸ் சூடாகுது அங்கிள். ஆறினதைக் குடுத்தா குழுவுக்குத்தானே வெட்கம்."

வெட்கம் என்ற சொல் வேலை செய்தது. அவர் மைக்கைப் பிடித்து, "தேநீர் சற்றுத் தாமதமாகும். அதுவரை ஒரு கதை" என்று அறிவித்தார். பல்லுக்குத்துகிற குச்சியை அறிமுகப்படுத்துகிற மாதிரி.

சிநேகிதி மேடையேறினாள். தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினாள். கொட்டாஞ்சேனையில், தெருப் பெயரோடு ஒரு வீடு. திருநாள் ஊர்வலத்தைப் பார்க்க வசதியான பால்கனி. வருஷம் முழுக்க எட்டிப்பார்க்காத உறவெல்லாம் அன்றைக்கு மட்டும் பாசத்தோடு வந்து இறங்குகிறது. இதுதான் கதை. முதல் பக்கம் முழுக்கச் சபை குசினிக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பால்கனியில் முன்னிடத்தைப் பிடிக்க ஒரு பெரியம்மா மயக்கம் வருகிற மாதிரி நடித்த இடத்தில், முன்வரிசையில் இருந்த வயதான அன்ரி ஒருவர் பக்கத்து அன்ரியை முழங்கையால் இடித்தார். இருவருக்கும் தங்கள் உறவினர் யாரோ ஒருவர் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அப்போது நடுவரிசையில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் எழும்பினார்.

"தங்கச்சி, ஒரு நிமிசம். அந்த ரோட்டால ஊர்வலம் வாறேல்ல. நான் அங்க பிறந்து வளந்தனான்."

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அவள் தாளிலிருந்து நிமிர்ந்தாள். "தெரியும் அங்கிள். அந்த வீட்டுக்காரருக்கும் அதுதான் கவலை. பாவமா இருந்துச்சு, அதான் ஊர்வலத்த நான் திருப்பி விட்டன்."

சபை சிரித்தது. வெள்ளைச் சட்டைக்காரரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். "சரி, சரி. வாசியும்."

இப்போது தாளை இறக்கிப் பிடித்து, சபையைப் பார்த்து வாசித்தாள்.

என்னை நம்பிப் பயனில்லை என்று முடிவு கட்டிய குசினி அண்ணர், தானே தட்டோடு உள்ளே வந்துவிட்டார். நான் மறிப்பதற்குள் முன்வரிசை அன்ரி மேடையிலிருந்து கண்ணை எடுக்காமலே கையைக் காட்டினார். "பொட்டக் இன்ன." பொறுக்கட்டாம். அண்ணர் தட்டோடு கதவில் சாய்ந்து நின்று, பாதி விளங்கிய தமிழில் மிச்சக் கதையைக் கேட்டார்.

தேநீர் ஆறிப்போயிருந்தது என்று பிறகு எல்லோரும் என்னைத்தான் ஏசினார்கள். சிநேகிதியும் நேரே என்னிடம் வந்தாள்.

"எடி, தேத்தண்ணிய நீதானே பிடிச்சு வச்சிருந்தனி?"

"ஓம்."

"அப்ப அவையள் ரோல்ஸுக்குத்தான் இருந்திருக்கினம்."

நான் பதில் சொல்ல வாயெடுக்கும் முன் வெள்ளைச் சட்டைக்காரர் கடித்த பற்றிஸோடு வந்து சேர்ந்தார்.

"தங்கச்சி, அந்தப் பெரியம்மாவை அப்பிடியே பால்கனியில விட்டிட்டு முடிச்சுப்போட்டீர். பிறகு அவ எழும்பினவவோ?"

"அது அடுத்த கதை அங்கிள்."

"அடுத்த கதையோ?" என்றேன். "எனக்குச் சொல்லவேயில்லை?"

"நீ போய்த் தேத்தண்ணியப் பார்" என்றாள்.