ஓய்வில் இருந்தார் என்று எழுதினேன்

உத்தமபாளையத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு வக்கீல் ஆபீஸில் உட்கார்ந்து ட்ரேட் மார்க் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது இப்போது என் வேலை. வணிகச் சின்னம் என்று தமிழில் சொன்னால் வருகிறவர்கள் விழிப்பார்கள். மசாலாப் பொடிக்காரர், ஏலக்காய் வியாபாரி, நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிறவர் என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். பெயரையும் படத்தையும் அவர்கள் கொண்டுவருவார்கள். அவற்றைச் சட்டம் கேட்கிறபடி கட்டங்களுக்குள் அடைப்பது என் பாடு.

அதில் ஒரு கட்டம் இருக்கிறது. இந்தச் சின்னத்தை எந்தத் தேதியிலிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்கும் கட்டம். முந்திப் பயன்படுத்தியவருக்குச் சட்டத்தில் பலம் அதிகம். அதனால் போன மாதம் அச்சடித்த பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "ஒரு பத்து வருசம் முன்னாடி போட்டுவிடுங்க சார், யாரு வந்து பாக்கப் போறாக?" என்பார்கள். முடியாது என்று அமைதியாகச் சொன்னால் போதும். ஆனால் நான் எரிந்து விழுவேன். ஒரு சிப்ஸ்காரர் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். வக்கீல் என்னைக் கூப்பிட்டு, "ஒரு தேதிக்கா இம்புட்டு ஆட்டம்?" என்று கேட்டார். நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பதில் எனக்குத் தெரியும். இந்த வேலைக்கு வருவதற்கு முன் நான் சரக்குக் கப்பலில் மூன்றாம் அதிகாரியாக இருந்தேன். கடலே இல்லாத மாவட்டத்திலிருந்து கப்பலுக்குப் போனவன் என்று ஊரில் கொஞ்ச நாள் என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். கப்பல் வேலையில் பாதி எழுத்து வேலைதான் என்பதை நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. எண்ணெய்க்கு ஒரு புத்தகம், குப்பைக்கு ஒரு புத்தகம், கப்பலில் நடப்பதற்கெல்லாம் ஒரு லாக் புத்தகம். குப்பையைக் கடலில் கொட்டினால்கூட எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அவற்றோடு இன்னொரு தாளும் உண்டு. கப்பலில் இருக்கும் ஒவ்வொருவரும் தினமும் எத்தனை மணி நேரம் ஓய்வெடுத்தார்கள் என்று காட்டும் தாள். எந்த இருபத்து நான்கு மணி நேரத்தை எடுத்துக்கொண்டாலும் அதில் பத்து மணி நேரமாவது ஓய்வு இருக்க வேண்டும் என்பது சட்டம். அதிகாரியும் மாலுமியும் அதில் கையெழுத்துப் போட வேண்டும், மாலுமிக்கு ஒரு நகல் தர வேண்டும். மேல்தளத்து மாலுமிகளின் தாள்கள் என் பொறுப்பில் இருந்தன. கம்ப்யூட்டரில் மணிக்கணக்கைத் தட்டினால், ஓய்வு குறைந்த நாள் சிவப்பாகத் தெரியும். சிவப்பு தெரிந்தால் துறைமுகத்தில் சோதனைக்கு வருகிறவர் கேள்வி கேட்பார். கேள்வி வந்தால் கேப்டன் என்னைக் கேட்பார்.

அதனால் எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு வழியைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். மாதம் பிறந்ததும், முதல் தேதியிலேயே முப்பது நாளுக்கும் நிரப்பிவிடுவது. யார் எப்போது தூங்கப் போகிறார்கள் என்று கடவுளுக்குக்கூடத் தெரியாத போது எனக்குத் தெரிந்திருந்தது. மாதக் கடைசியில் எல்லோரையும் வரிசையாகக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவேன். யாரும் படிக்க மாட்டார்கள். நகல் கேட்க மாட்டார்கள். நானும் தர மாட்டேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது, கெட்டிக்காரன் என்ற நினைப்பு வேறு.

அந்தக் கப்பலில் சுருளிப்பட்டிக்காரர் ஒருவர் இருந்தார். கயிறு வேலையில் தேர்ந்த மாலுமி. என்னைவிட எட்டு ஒன்பது வயது மூத்தவர். பல நாட்டு ஆட்கள் இருக்கும் கப்பலில் பக்கத்து ஊர்க்காரரைச் சந்திப்பது லேசில் நடக்கிற காரியம் இல்லை. முதல் நாள் என் பேச்சைக் கேட்டதுமே, "நீங்க எங்கனெ, கம்பம் பக்கமா?" என்று கேட்டார். பிறர் இருக்கும்போது சார் என்பார். நாங்கள் இருவர் மட்டும் இருந்தால் தம்பி. நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டேன். சுருளிப்பட்டியில் அவருக்குத் திராட்சைத் தோட்டம் கொஞ்சம் இருந்தது. கடலைப் பார்த்தபடி திராட்சைப் பந்தலுக்கு மருந்தடிப்பதைப் பற்றி அவர் பேசிக்கொண்டிருப்பார். நான் சிரித்துக்கொண்டே கேட்பேன்.

ஒரு பயணத்தில் நான்கு நாளில் மூன்று துறைமுகம். கப்பலைக் கரையோடு கயிற்றால் கட்டுவது, அவிழ்ப்பது, சரக்குப் பெட்டிகளைப் பிணைக்கும் கம்பியை இறுக்குவது, மறுபடி கட்டுவது. நான்காம் நாள் நண்பகல் மூன்றாவது துறைமுகத்தில் கப்பலைக் கட்டிக்கொண்டிருந்தோம். முன்பக்கத்தில் அவர் கயிற்றை இரும்புக் குற்றியில் சுற்றிக்கொண்டிருந்தார். அதற்கு முந்தைய இரண்டு நாளில் அவர் நான்கு மணி நேரம் தூங்கியிருந்தால் அதிகம். சட்டென்று கயிறு இறுகியது. கையை எடுக்க அவருக்கு ஒரு நொடி தாமதமாயிற்று. வலது கையில் மூன்று விரல்கள் போயின. அவர் கத்தவில்லை. கையைப் பார்த்துக்கொண்டே அங்கனேயே உட்கார்ந்துவிட்டார்.

விசாரணைக்குக் கம்பெனி ஆள் வருகிறார் என்றதும் கேப்டன் ஓய்வுத் தாளைக் கேட்டார். எடுத்துப் பார்த்தேன். நான் முதல் தேதியில் நிரப்பிய கணக்குப்படி, விரல் போன அந்த நண்பகலில் அவர் தன் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். கேப்டன் அதைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார். "சரி பண்ணிக் கொண்டுவா" என்றார், அவ்வளவுதான்.

சரி பண்ணினேன். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து மறுநாள் காலைவரை அவர் நன்றாக ஓய்வெடுத்தார் என்று புதிதாக ஒரு தாள் தயாரித்தேன். சிவப்பு ஒன்றுகூட இல்லை. அதை எடுத்துக்கொண்டு அவர் படுத்திருந்த அறைக்குப் போனேன். ஆம்புலன்ஸ் வரும்வரை கையில் பெரிய கட்டோடு படுத்திருந்தார்.

"என்ன தாளு தம்பி இது?"

"எப்பவும் போடுறதுதாண்ணே. இங்கன ஒரு கையெழுத்து."

"வலது கை ஆகாதே."

"இடது கையில கிறுக்குனாப் போதும்."

கிறுக்கினார். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. நம்ம ஊர்க்காரன் நீட்டுகிற தாளை எதற்குப் படிக்க வேண்டும் என்று நினைத்திருப்பார். வலிக்கிறதா என்று நான் கேட்டேனா இல்லையா என்பதுகூட எனக்கு நினைவில்லை. அந்தக் கையெழுத்து மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. முதல் எழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

அந்தத் தாளை ஆதாரமாக வைத்துக் கேப்டன் லாக் புத்தகத்தில் எழுதினார். போதிய ஓய்வில் இருந்த மாலுமி, தன் கவனக்குறைவால் காயம்பட்டார். கீழே கேப்டன் கையெழுத்து, சாட்சியாக என் கையெழுத்து. லாக் புத்தகத்தில் எழுதியதை அழிக்கக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. ஆனால் எழுதியது தப்பு என்று தெரிந்தால் கீழே இன்னொரு பதிவு எழுதித் திருத்தலாம். பரீட்சைக்கு நான் மனப்பாடம் செய்த பாடம் இது.

அவர் ஊருக்கு வந்து சேர்ந்த பிறகு ஒரு நாள் போனில் கூப்பிட்டார். கம்பெனி அனுப்பிய கடிதத்தை யாரோ அவருக்கு வாசித்துச் சொல்லியிருக்கிறார்கள். "கவனக்குறைவுன்னு போட்டுருக்காக தம்பி. ஊருக்குள்ள குடிச்சிட்டுக் கயித்துல கையக் குடுத்துட்டேன்னு பேசுறாக. எம் பொண்டாட்டியே நம்ப மாட்டேங்குறா. ரெண்டு நாளாத் தூங்கலைன்னு நீங்க ஒரு தாளுல எழுதிக் குடுத்தாப் போதும். அவகிட்டக் காட்டணும்."

அவர் குடிக்கிற ஆள் இல்லை. அது எனக்கு நன்றாகவே தெரியும். பார்க்கலாம்ணே என்றேன். அடுத்த பதவிக்கான பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. பொய்த்தாள் தயாரித்தவன் நான்தான் என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தால் என் லைசென்ஸ் என்ன ஆகும் என்று பயந்தேன். பரீட்சை முடியட்டும் என்று நினைத்தேன். முடிந்ததும், அடுத்த கப்பல் கிடைக்கட்டும் என்று நினைத்தேன். அவர் இரண்டாம் முறை கூப்பிட்டபோது நான் போனை எடுக்கவில்லை. மூன்றாம் முறை அவர் கூப்பிடவில்லை.

எதைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டேனோ, அது மூன்றே வருஷத்தில் போய்விட்டது. கண் பார்வை குறைந்து மருத்துவச் சோதனையில் தேறாமல் ஊருக்கு வந்தேன். அந்தக் கப்பலையும் உடைக்க விற்றுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அதன்பிறகு ஒரு நாள், ஆபீஸில் யாரும் இல்லாதபோது, நடந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதினேன். எழுதி மேஜை இழுப்பறையில் போட்டேன். இங்கிருந்து சுருளிப்பட்டிக்கு பஸ்ஸில் போனால் எவ்வளவு நேரம் ஆகிவிடும்? நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது என்று யோசித்தே நாட்களைக் கடத்தினேன். அந்தத் தாள் அங்கேயே கிடந்தது. அதில் கையெழுத்தும் போடவில்லை, தேதியும் போடவில்லை.

போன மாதம் ஒரு புதன்கிழமை, அவரே ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். என்னைத் தேடி வரவில்லை. திராட்சை ஜாமுக்கு ட்ரேட் மார்க் வாங்க வக்கீலிடம் யாரோ அனுப்பியிருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார். பிறகு, "வணக்கம் சார்" என்றார். வக்கீல் பக்கத்தில் இருந்ததால் அப்படிக் கூப்பிடுகிறார் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

பையிலிருந்து ஒரு ஜாம் பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தார். லேபிளில் ஒரு வட்டம், அதன் நடுவில் குறுக்கே ஒரு கோடு. வக்கீல் அது என்னவென்று கேட்டார்.

"கப்பலுக்கு வெளிப்பக்கத்துல இத வரைஞ்சிருப்பாக சார். சரக்கு ஏத்த ஏத்தக் கப்பல் தண்ணிக்குள்ள எறங்கும்ல? இந்தக் கோடு முங்குற அளவுக்கு ஏத்தக் கூடாது. அது சட்டம்."

வக்கீல் நல்ல சின்னம் என்று பாராட்டிவிட்டுக் கோர்ட்டுக்குக் கிளம்பிவிட்டார். நான் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரும்புக்கு வரைந்து வைத்த கோடு அது. மனிதர்களுக்கும் அப்படி ஒரு கோடு சட்டத்தில் இருந்தது. அதை மறைத்துப் பெயிண்ட் அடித்தவன் நான்.

விண்ணப்பத்தை நிரப்பினேன். எந்தத் தேதியிலிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டேன். அவர் யோசிக்காமல் ஒரு தேதியைச் சொன்னார். முதல் பாட்டிலைக் கம்பத்தில் ஒரு கடைக்குக் கொடுத்த நாள். அந்தக் கடையின் ரசீதையும் நான்காக மடித்து வைத்திருந்தார். ஒரு நாள்கூட முன்னே தள்ளிச் சொல்லவில்லை.

பிரமாணப் பத்திரத்தை அச்செடுத்து, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டிப் பேனாவை நீட்டினேன். அவர் பேனாவை வாங்கவில்லை.

"படிச்சுக்கிறேன் சார்."

நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். வலது கையில் மிச்சமிருந்த விரலை ஒவ்வொரு வரியின் கீழும் வைத்து, உதடு அசைய வாசித்தார். ஆங்கிலம் புரியாத இடங்களில் என்னிடம் அர்த்தம் கேட்டார். இரண்டு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆயிற்று. நான் உட்காரவும் முடியாமல், நிற்கவும் முடியாமல் தவித்தேன். பிறகு இடது கையால் கையெழுத்துப் போட்டார். இப்போது அது கட்டத்துக்குள் அழகாக இருந்தது.

"எனக்கு ஒரு ஜெராக்ஸ் வேணும்" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. இழுப்பறையைத் திறந்து அந்தப் பழைய தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "அண்ணே, அன்னைக்கு நான் நீட்டுன தாளு பொய். நீங்க தூங்கவே இல்ல. அத இதுல எழுதியிருக்கேன். என்னைய மன்னிச்சிருங்கண்ணே" என்றேன். நான் அழுதேன். சொல்வதில் வெட்கம் இல்லை.

அவர் அதையும் அதே போல் விரல் வைத்துப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் தாளை என் பக்கம் திருப்பினார்.

"தேதி போடலையே சார்."

பேனாவை எடுத்தேன். இவ்வளவுக்குப் பிறகும், அந்தத் தாளை எழுதிய பழைய தேதியைப் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதுவும் பொய் இல்லைதான். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் புதன்கிழமையின் தேதியையே போட்டு, கீழே கையெழுத்துப் போட்டேன். அவருடைய விரல்கள் போய் ஏழு வருஷம் ஆகியிருந்தது.

தாளை வாங்கி ஒரு முறை சரிபார்த்தார். ஜெராக்ஸோடு சேர்த்து மடித்து, சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "வீட்டுல காட்டணும்" என்றார். பாட்டிலை மேஜையிலேயே விட்டுவிட்டு எழுந்தார்.

ஆபீஸில் வேறு யாரும் இல்லை. நாங்கள் இருவர் மட்டும்தான் இருந்தோம்.

"வரேன் சார்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.