பிரச்சினை இல்லாத மனிதரின் கேஸ்

பெரியமாமா அமெரிக்காவை விட்டு எங்களோடு வந்து இருக்கப்போகிறார் என்ற செய்தி, பிரெஞ்சுத் தலைநகரில் தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பல் முழுவதும் பரவ இரண்டு நாள்கூட எடுக்கவில்லை. தான் ஒருவருக்கும் சொல்லவில்லை என்று அம்மா சாதித்தார். மீன் கடையில் ஒருவருக்கு, பூசை முடிந்து வரும்போது இரண்டு பேருக்கு, அவ்வளவுதான். கேட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி முகத்தைச் சுருக்கினார்கள். எங்கள் தெருவில் லண்டனுக்குப் போவதைப் பற்றிப் பேசுவார்கள், கனடாவுக்குப் போவதைப் பற்றிப் பேசுவார்கள். அமெரிக்கப் பிரஜை ஒருவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு இங்கே குடிவருவது அவர்கள் கேள்விப்படாத விஷயம்.

அவர் அம்மாவின் மூத்த அண்ணன். அம்மா அவரைக் கடைசியாகக் கண்டது தன்னுடைய பதினான்காவது வயதில். அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருடமாக அவர் ஒரு தொலைபேசிக் குரல் மட்டுமே. மாமி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. இரண்டு மகன்மாரும் விமானம் ஏறிப் போகவேண்டிய தூரத்தில் இருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் போனில், "மிச்சக் காலத்தை உன்னோடை இருந்து கழிக்கப் போறன், தங்கச்சி" என்றார். அம்மா போனை வைத்துவிட்டு அழுதார், பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனார்.

விசா விஷயத்தில் ஆலோசனை சொன்னது அப்பா. "முதல்லை வந்து இறங்குங்கோ அத்தான், மிச்சத்தை இஞ்சை பாப்பம்" என்றார். அதில் ஒரு பிழையும் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் வந்தார்கள். முதலில் எப்படியாவது நாட்டுக்குள் காலை வைப்பது, பிறகு விசா கேட்பது. மாமாவும் அந்தக் காலத்தில் அமெரிக்காவுக்கு அப்படித்தான் போய்ச் சேர்ந்திருந்தார். அதனால் அவருக்கும் வேறு வழி இருக்குமென்று தெரியவில்லை. வீட்டை விற்றுவிட்டு, இரண்டு பெரிய பெட்டிகளோடு வந்து இறங்கினார். அமெரிக்கப் பாஸ்போட்டுக்கு மூன்று மாதம் விசா இல்லாமல் நிற்கலாம். அதற்குள் வதிவிட அட்டையை எடுத்துவிடலாம் என்பது திட்டம். நீலப் பாஸ்போட்டை வாங்கி அம்மா ஒரு கிழமை மாதா சொரூபத்துக்கு முன்னால் வைத்திருந்தார். மாதாவே அதைப் பார்த்து மலைத்திருப்பார் என்று அப்பா சொன்னார்.

எனக்கு அப்போது பதினொரு வயது. நாங்கள் இருந்தது ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவில், ஒரு மரக்கறிக் கடைக்கு மேலே, லிஃப்ட் இல்லாத ஐந்தாம் மாடியில். ஒரு அறை, ஒரு கூடம், இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாத குசினி. அம்மா விடிவதற்கு முன்னரே அலுவலகங்களைத் துப்புரவு செய்யப் போவார். ரெஸ்ரோரண்ட் குசினியில் வேலை செய்த அப்பா கடைசி மெத்ரோவில் வருவார். எங்கள் வீட்டில் அதிகம் கேட்ட சொல் "களைச்சுப்போனன்" என்பதுதான். சுகம் விசாரிப்பது போல அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். நானும் பள்ளிக்கூடத்தால் வந்து புத்தகப் பையைக் கழற்றும்போது அதையே சொல்லப் பழகியிருந்தேன்.

கூடத்தில் யன்னலோரம் இருந்த கட்டில் என்னுடையது. அந்த வீட்டில் என்னுடையது என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது. மாமா வந்த அன்று அதில் புது விரிப்பு விரிக்கப்பட்டது. எனக்கு அப்பா அம்மாவின் அறையில், அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் ஒரு மெத்தை. அலுமாரிக் கதவைத் திறக்கவேண்டுமென்றால் நான் எழும்பவேண்டும். மாமா எனக்கு ஒரு பை நிறையச் சொக்கிலேற்றும், என் வயதைவிட மூன்று வயது கூடின அளவில் ஒரு கம்பளிச் சட்டையும் கொண்டுவந்திருந்தார். இரண்டுக்கும் நன்றி சொன்னேன். கட்டிலை மன்னிக்கவில்லை.

அவர் தொந்தரவு கொடுக்கிற மனிதர் அல்ல. பகலில் அப்பா தூங்கவேண்டும் என்பதற்காகக் காலையிலேயே இறங்கிப் போய் கார் து நோர் ஸ்டேஷனில் ரயில்களைப் பார்த்துக்கொண்டு இருப்பார். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்துக்குத்தான் படியேறுவார். மூன்றாம் மாடியில் நின்று மூச்சு வாங்குவது எங்களுக்குக் கேட்கும். அவருக்குச் சோறும் கறியும் வைப்பதற்காக அம்மா வழக்கத்தைவிட ஒரு மணித்தியாலம் முந்தி எழும்பத் தொடங்கினார். வேலை முடிந்து வந்ததும் கூடத்தில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து ஆறுதலாகச் சாப்பிடும் அப்பா, மாமாவின் நித்திரை குழம்பக்கூடாதென்று குசினியில் லைற் போடாமல், நின்றபடி சாப்பிடத் தொடங்கினார். மாமா நித்திரை என்று அப்பா நினைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் மாதத்தில் அவரை டொசியே அண்ணையிடம் கூட்டிக்கொண்டு போனோம். ரெலிபோன் கார்ட் விற்கும் ஒரு கடையின் பின்பக்கத்தில் மேசை போட்டு, டொசியே என்கிற விண்ணப்பக் கோப்புகளைத் தயாரித்துக் கொடுப்பவர் அவர். லா சப்பலில் அகதி அந்தஸ்துக் கேட்டவர்களில் பாதிப் பேரின் கேஸ் அவருடைய கையெழுத்தில் போனதுதான் என்பார்கள். அதைத் தவிர வேறு கடிதம் அவருக்கு எழுதத் தெரியாது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

"அமெரிக்காவிலை உங்களுக்கு என்ன பிரச்சினை, அண்ணை?" என்று பேனையைத் திறந்துகொண்டு கேட்டார்.

"ஒரு பிரச்சினையுமில்லை" என்றார் மாமா.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ. பிரச்சினை இல்லாட்டி கேஸ் இல்லை."

மாமா யோசித்தார். உண்மையிலேயே ஒன்றையாவது கண்டுபிடிக்கவேண்டும் என்று முயற்சி செய்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. கடைசியில் அம்மாதான், "தனிய இருக்கிறார் எண்டு எழுதுங்கோ" என்றார். டொசியே அண்ணைக்கு அது போதவில்லை என்பது அவர் பெருமூச்சு விட்டதில் விளங்கியது.

இரண்டு பக்கக் கடிதம் வந்தது. வீட்டில் பிரெஞ்சு சரியாக வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. மேசையில் இருந்து நான் வரிவரியாகத் தமிழில் சொல்ல, மாமா கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்டார். பிறந்த ஊர், தேவாலயப் பங்கு, படித்த பள்ளிக்கூடம், இடம்பெயர்ந்த விதம் எல்லாம் இருந்தது. பிறகு இப்படி ஒரு வரி வந்தது: இரவிலே யாராவது கதவைத் தட்டுவார்களோ என்று விழித்திருப்பேன்.

அம்மா சிரித்துவிட்டார். "இது ஆமிக்குப் பயந்து ஓடின ஆக்களுக்கு எழுதுறதெல்லே. பழைய கேஸிலை இருந்து அப்பிடியே இறக்கிப்போட்டார். வெட்டச் சொல்லுவம்."

"வேண்டாம்" என்றார் மாமா. "அது இருக்கட்டும்."

பிரிபெக்சர் என்று நாங்கள் சொல்லும் அந்த அரச அலுவலகத்துக்குப் போகும் நாள் ஒரு புதன்கிழமையாக அமைந்தது. புதனில் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அம்மா லீவு கேட்டுக் கிடைக்கவில்லை. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். மொழிபெயர்க்க நான் போனேன். டொசியேயில் அந்தக் கடிதம் இருந்தது. ஓய்வூதியப் பத்திரமும் காப்புறுதிப் பத்திரமும் இருந்தன. மாமா எங்கள் வீட்டில் தங்கலாம் என்று அப்பா எழுதிக் கையெழுத்து வைத்த கடிதமும் இருந்தது. வாசலுக்கு வெளியே வரிசையில் இரண்டு மணித்தியாலம் நின்றோம். மாமா ஒரு பிஸ்கற் பெட்டியைப் பிரித்து எனக்குத் தந்தார். எனக்குக் கால் வலித்தது, அதனால் எல்லோர்மேலும் கோபமாக இருந்தேன்.

"நான் உங்களோடை இஞ்சையே இருந்தால் உனக்குச் சந்தோசமோ, பிள்ளை?" என்று அவர் கேட்டார்.

"அப்ப நான் எங்கை படுக்கிறது?" என்றேன்.

துடுக்காகச் சொல்லவில்லை. பதில் தெரியாத கேள்வி என்பதால் கேட்டேன். அவர் என் தலையைத் தடவிவிட்டு, வரிசை நகர்கிறதா என்று எட்டிப் பார்த்தார்.

கண்ணாடி யன்னலுக்குப் பின்னால் இருந்த பெண்மணி நீலப் பாஸ்போட்டையும் இரண்டு பக்கக் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம், அமெரிக்காவில் இவருக்கு உயிராபத்து ஏதும் உண்டா, இரவில் கதவைத் தட்டுவது யார் என்று கேட்டார். நான் மாமாவிடம் கேட்டேன். வந்ததிலிருந்து முதல் தடவையாக மாமா வாய்விட்டுச் சிரித்தார்.

"ஒருத்தரும் தட்டுறேல்லை எண்டு சொல்லு."

நான் அதை அப்படியே பிரெஞ்சில் சொன்னேன். அந்தப் பெண்மணி கடிதத்தை ஒரு பக்கம் தள்ளிவைத்தார். அதற்குப் பிறகு குரல் மாறிவிட்டது, எனக்கு விளங்கவேண்டுமென்று மெதுவாகப் பேசினார். இவர் அகதி அல்ல, இந்தக் கடிதமே தேவையில்லை. ஆனால் நீண்டகால விசாவை இங்கே வந்து நின்றுகொண்டு கேட்கமுடியாது. அமெரிக்காவுக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து விண்ணப்பிக்கவேண்டும். ஓய்வூதியம் இருக்கிறது, காப்புறுதி இருக்கிறது, தங்க வீடும் இருக்கிறது, அதனால் கிடைக்காமல் போவதற்குக் காரணம் ஒன்றும் தெரியவில்லை. சில மாதங்களில் திரும்பி வந்துவிடலாம். தேவையான பத்திரங்களின் பட்டியலையும் ஒரு தாளில் எழுதித் தந்தார். நான் எல்லாவற்றையும் மாமாவுக்குச் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை, இதை இன்றைக்கும் சத்தியம் செய்து சொல்வேன்.

வெளியே வந்து பஸ் தரிப்பிடத்து வாங்கில் உட்கார்ந்தோம். மாமா அந்தத் தாளை இரண்டு தரம் பார்த்தார். அப்பாவின் கையெழுத்து இருந்த கடிதத்தை எடுத்து அதையும் பார்த்தார். பிறகு இரண்டையும் ஒன்றாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"அம்மாட்டை, ஏலாதாம் எண்டு சொல்லுவம்" என்றார்.

"ஏலுமெண்டெல்லோ அவ சொன்னவ?"

"அங்கை போய் திருப்பியும் வந்து, அலையேலாது பிள்ளை. களைச்சுப்போனன்."

அதை நான் உடனே ஏற்றுக்கொண்டேன். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு மேல் யாரும் யாரையும் கேள்வி கேட்பதில்லை. அதோடு, பொய் சொல்லும்படி ஒரு பெரிய ஆள் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அது பெருமையாகவும் இருந்தது. அவர் வீட்டை விற்றுவிட்டு வந்தவர் என்பதோ, திரும்பிப் போய் எந்தக் கதவைத் திறப்பார் என்பதோ எனக்கு நினைவில் வரவில்லை.

அம்மா குசினித் தரையில் இருந்து அழுதார். எழும்பி, அந்தக் கண்ணாடி யன்னல் பெண்மணியை அவளுடைய ஏழு தலைமுறையோடும் சேர்த்துத் திட்டினார். "அமெரிக்கன் பாஸ்போட்டுக்கே இந்தக் கதியெண்டால் எங்களை மாதிரி ஆக்கள் என்ன செய்யிறது?" என்றார். அப்பா மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். லா சப்பலில் செய்தி அன்றைக்கே பரவிவிட்டது. டொசியே அண்ணை மட்டும் ஆச்சரியப்படவில்லை. பிரச்சினை போதாது என்று தான் அப்போதே சொன்னதாகச் சொன்னார்.

பத்து நாளில் மாமா புறப்பட்டார். அம்மாவும் நானும் கார் து நோர் வரைக்கும் பெட்டிகளை உருட்டிக்கொண்டு போனோம். விமான நிலைய ரயிலில் ஏறியதும் கண்ணாடிக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். நானும் சிமிட்டினேன். அம்மா அதைக் கவனிக்கவில்லை.

இப்போது எனக்கும் கணவருக்கும் எபினேயில் ஒரு வீடு இருக்கிறது. லிஃப்ட் இருக்கிறது. ஓர் அறை சும்மா கிடக்கிறது. மாமா இன்னமும் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்குப் போன் எடுப்பார், குரல் நன்றாகத் தளர்ந்துவிட்டது. போன மாசியில் அம்மா எங்கள் வீட்டில் நின்றபோது அவர் எடுத்தார். நான் போனை வாங்கினேன்.

"மாமா, இப்ப போடலாம். அங்கையிருந்தே விசாவுக்குப் போடுங்கோ. டொசியே முழுக்க நான் செய்யிறன். இஞ்சை ஒரு அறை இருக்கு."

அங்கே தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

"ஏலாதெண்டெல்லோ அவை சொன்னவை, பிள்ளை" என்றார்.

"ஓம், அந்தக் கோதாரி விழுந்தவள்" என்று அம்மா எனக்குப் பக்கத்தில் இருந்து உரத்துச் சொன்னார், அவருக்கும் கேட்கட்டும் என்று. பதினாறு வருடமாகியும் அந்தக் கோபம் ஆறவில்லை. நான் அம்மாவைத் திருத்தவில்லை. திருத்தினால் அடுத்ததாக, மாமா ஏன் பொய் சொன்னார் என்று கேட்பார், அதற்கான பதிலை நான் அந்த வரிசையில் பிஸ்கற் தின்றுகொண்டு நின்றபோதே மாமாவுக்குச் சொல்லிவிட்டேன்.

களைத்துப்போனேன் என்று அவர் அந்த வாங்கில் இருந்து சொன்னபோது, தன்னைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். இருட்டுக்குள் நின்று சாப்பிட்ட அப்பாவையும், ஒரு மணித்தியாலம் முந்தி எழும்பிய அம்மாவையும் அவர் இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டு இருந்தார் என்பது எனக்கு விளங்கவில்லை. அவர் போன அன்று அம்மா யன்னலோரக் கட்டிலில் எனக்குப் பழைய விரிப்பை விரித்துவிட்டார். நான் கையைக் காலை நீட்டிப் படுத்து நன்றாகத் தூங்கினேன்.