எழுபதைத் தொட்டால்

அக்காவின் நிக்காஹ்வில் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் திரையின் மூலையில் தெரியும் எண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான். சந்தனம் நீட்டவும் பூ கொடுக்கவும் என்னைவிடப் பெரிய பெண்கள் இருந்தார்கள். எனக்குப் பத்து வயது. திரையில் மற்றதெல்லாம் இங்கிலீஷ். எண் மட்டும்தான் எனக்குப் படிக்க வரும். அது போதும் என்றார் மாமா.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. துபாயில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்தவர். எங்கள் ஊரில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தங்கம் கொண்டுவருவார்கள். கம்பளி, சென்ட், கோடாலித் தைலம் கொண்டுவருவார்கள். மாமா ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டியைக் கொண்டுவந்தார். காரில் மடிமீது வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். மற்ற சாமானெல்லாம் பின்னால் வேனில் வருகிறதா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். வேன் எதுவும் வரவில்லை.

அத்தா என்றால் அப்பா. சவுதியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு மாப்பிள்ளை அமைந்தது, அத்தாவுக்கு லீவு அமையவில்லை. பாஸ்போர்ட் முதலாளி கையில். வருகிற நோன்பு முடியட்டும் என்றானாம். மாப்பிள்ளையும் குவைத்திலிருந்து லீவில் வந்தவர்தான், அதுவரை இருக்க மாட்டார். அதனால் அத்தாவின் அண்ணன், எங்கள் பெரியத்தா, அத்தாவுக்குப் பதிலாக உட்கார்ந்து அக்காவைக் கொடுப்பது என்று முடிவாயிற்று. மார்க்கத்தில் அதற்கு இடமுண்டு. யாரும் குறை சொல்லவில்லை. அம்மா அன்று பகலெல்லாம் அரிசி புடைத்தார். புடைத்த அரிசியையே மறுபடி புடைத்தார்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் மாமா சொன்னார்.

“அக்கா, மச்சான் அங்கேருந்தே பார்க்கட்டும். நான் காட்டுறேன். கேமரா ஒண்ணு வாங்கினாப் போதும்.”

போன் கம்பியிலேயே வேகமான இணைப்பு வந்த புதுசு. மாமா பட்டுக்கோட்டைக்குப் போய் ஒரு கேமரா வாங்கிவந்தார். எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும். அங்கே லீவு நாளான ஒரு வெள்ளிக்கிழமை அத்தா பிரவுசிங் கடையில் போய் உட்கார்ந்தார். எல்லோரும் பெட்டியைச் சுற்றி நின்றோம். நாலு வருஷத்துக்கு அப்புறம் அத்தா முகம் வந்தது. “எல்லாரும் நல்லா...” என்றார். முகம் அப்படியே நின்றுவிட்டது. வாய் திறந்தபடி இருக்கிறது, கண் பாதி மூடி இருக்கிறது, குரல் மட்டும் தனியாகப் பேசிக்கொண்டு போகிறது. அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். மாமா பின்னாலேயே போனார்.

“என்னக்கா?”

“வாயைத் தொறந்தாப்புல அப்படியே நிக்கிறாங்கடா. என்னால பார்க்க முடியல. நிக்காஹ்வையும் அவங்க இப்படித்தான் பாப்பாங்களா? மவ தலை குனிஞ்சா குனிஞ்ச மாதிரியே நிப்பாளா?”

அடுத்த வெள்ளிக்கிழமைகளில் அத்தாவுக்கு லாரி ஓட்டம் இருந்தது. நிக்காஹ் அன்றைக்குத்தான் மறுபடி கடைக்கு வர முடியும் என்று சொல்லிவிட்டார். அதற்குள் படம் நிற்காமல் ஓட வேண்டும். மாமாவுக்கு அந்தக் கவலை பிடித்துக்கொண்டது. அவரிடமிருந்து எங்கள் எல்லோருக்கும் பிடித்துக்கொண்டது.

“பிராசசர் திணறுது. வேகம் அறுநூறுன்னு எழுதி வித்திருக்கான். தொள்ளாயிரத்துல ஓட்டிக் காட்டுறேன் பாருங்க” என்றார் மாமா.

துபாயில் கூடத் தங்கியிருந்த ஒரு மலையாளியிடம் கற்றுக்கொண்ட வித்தை. பெட்டியை அணைத்துப் போட்டார். நீலத் திரை ஒன்று வந்தது. அதில் எதையோ மாற்றினார். ஓடியது. துபாயிலிருந்த அவருடைய சிநேகிதர் ஒருவர் திரையில் வந்து நிற்காமல் பேசினார், சிரித்தார், காதைக் குடைந்தார். நாங்கள் கை தட்டினோம். அவர் காதைக் குடைந்து முடிப்பதற்குள் பெட்டி டக்கென்று அணைந்துவிட்டது.

சூடு என்றார் மாமா. பம்புசெட் மோட்டாரை அளவுக்கு மீறி ஓட்டினால் அதன் காயில் கம்பி கருகுகிற மாதிரி. எழுபத்தைந்து டிகிரியைத் தாண்டினால் தானாக அணைந்துவிடும்படி அவரே வைத்திருக்கிறார். இல்லாவிட்டால் பிராசசர் வெந்துவிடும். வெந்தால் வாங்க இங்கே கிடைக்காது. ஆகவே சூட்டைக் குறைக்க வேண்டும். அதுவும் கத்திரி வெயிலில்.

பெரியத்தா தினமும் சாயங்காலம் வந்து விசாரித்தார்.

“என்ன மாப்ள, புள்ளைக்குக் காய்ச்சல் எவ்வளவு?”

“எழுபத்தி ரெண்டு மச்சான்.”

“நெத்தியில தைலம் தேய்ச்சு விடேன்.”

மாமா உண்மையிலேயே தேய்த்தார். பிராசசர் மேல் தகடு தகடாக ஒரு அலுமினியக் கட்டி உட்கார்ந்திருக்கும், அதன் தலையில் ஒரு சின்ன விசிறி. கட்டிக்கும் பிராசசருக்கும் நடுவில் வெள்ளைப் பசை ஒன்றைத் தடவினார். சூட்டை அது மேலே இழுத்துவிடுமாம். இரண்டு டிகிரி குறைந்தது. பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை வைத்தார். இன்னும் கொஞ்சம் குறைந்தது. அது போதவில்லை. ஒருநாள் அவர் கடைத்தெருவுக்குப் போனபோது அம்மா ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து பெட்டிமேல் போர்த்தி வைத்தார். மாமா வந்து பார்த்துவிட்டுப் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது.

“கரண்டுக்கா! கரண்டு! மவ கல்யாணத்துல மவுத்து விழுந்துரும்!”

“காய்ச்சல்னு சொன்னீங்க. ஈரத்துணி போட்டேன்” என்றார் அம்மா.

அதற்கப்புறம் அம்மாவேதான் வழி சொன்னார். நெல் அறைக்குக் கொண்டுபோ என்றார். எங்கள் வீட்டில் குத்தகை நெல் போடுகிற அறை அது. தடித்த மண்சுவர். வெயில் எட்டிப் பார்க்காது. கோடையில் உள்ளே போனால் உடம்பு சில்லென்று இருக்கும். அதன் ஜன்னல் முற்றத்தைப் பார்த்து இருந்தது. முற்றத்தில்தான் பந்தல், முற்றத்தில்தான் நிக்காஹ். கேமராவை ஜன்னலில் வைத்தால், எதிரே வீட்டு வாசலுக்குள் அக்கா உட்காரும் இடம் வரை எல்லாம் தெரியும்.

எவ்வளவு நல்ல யோசனை என்று எல்லோரும் சொன்னார்கள். போன் கம்பியை அங்கே இழுத்தார்கள். பெட்டியை இரண்டு மூட்டைமேல் ஏற்றி வைத்தார்கள். அறுபதுக்கு இறங்கிவிட்டது. பெரியத்தாகூட அன்றைக்குக் கேலி செய்யவில்லை. அக்கா என்னிடம், “அத்தா என்னைப் பார்ப்பாங்கல்ல?” என்று கேட்டாள். பார்ப்பாங்க என்றேன்.

கல்யாணச் செலவுக்காக நெல்லை அள்ளி விற்க ஆரம்பித்தார்கள். ஆள்கள் வந்து அளந்து மூட்டை கட்டிக்கொண்டே இருந்தார்கள். எனக்குக் கழுத்து, கையெல்லாம் அரித்தது. அறுபது அறுபத்து மூன்றாயிற்று. பிறகு அறுபத்தாறு. அறையோ அதே குளுமை. மாமா பசையை வழித்துவிட்டு மறுபடி தடவினார். விசிறியைத் தட்டிப் பார்த்தார். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார், படம் நின்றது, மறுபடி ஏற்றினார். எதனால் என்று தெரியவில்லை. சாப்பிடும்போது சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், வாயில் வைக்க மாட்டார்.

நிக்காஹ் அன்று காலையில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். சரசரவென்று ஏறி அணைந்துவிட்டது. ஆறவைத்து மறுபடி போட்டார்கள். மறுபடி அணைந்தது. முற்றத்தில் ஜமக்காளம் விரித்துக்கொண்டிருந்தார்கள். அத்தா போன் செய்தார். வெள்ளிக்கிழமை காலையில் அங்கே கடை திறக்க மாட்டார்களாம். கடைக்காரனைக் கெஞ்சித் திறக்க வைத்திருக்கிறார். கொஞ்ச நேரந்தான் விடுவேன், பூட்டிவிட்டுத் தூங்கப் போவேன் என்றானாம். “நான் உக்காந்துட்டேன். இங்க கறுப்பாத்தான் இருக்கு. அவசரமில்ல, மெதுவா பாருங்க” என்று அத்தா சொன்னது போனைத் தாண்டி எனக்குக் கேட்டது. அம்மா போனை வைத்துவிட்டு நெல் அறை வாசலில் வந்து நின்றார். அது மாமாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும்.

அவர் சின்ன விசிறியின் திருகைக் கழற்றித் தூக்கினார். அப்புறம் தலையில் அடித்துக்கொண்டார்.

அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் இடமே இல்லை. நெல்லுச் சுணை, உடம்பில் பட்டால் அரிக்கிற அந்தத் தூசி. விசிறி அதை இழுத்து இழுத்து உள்ளே திணித்திருக்கிறது. கம்பளி மாதிரி அடைந்திருந்தது. குளுமைக்காக நெல்லிடம் கொண்டுபோனோம். நெல் அதற்குப் போர்வை போர்த்திவிட்டது.

“பிரஷ்! சின்னதா, மெத்துன்னு ஏதாச்சும் பிரஷ்!” என்று மாமா கத்தினார்.

வீட்டில் வெள்ளையடிக்கிற மட்டைதான் இருந்தது. நான் உள்ளே ஓடினேன். அக்கா கையில் மருதாணியோடு உட்கார்ந்திருந்தாள். முன்னால் பவுடர் போடுகிற புது பிரஷ். ஒரு கன்னத்துக்குத்தான் போட்டிருந்தார்கள்.

“எடுத்துட்டுப் போ. மூஞ்சி எங்க போயிரப்போவுது” என்றாள்.

மாமா அந்தப் பிரஷ்ஷால் தகடு தகடாகச் சுரண்டினார். சுணை கொத்துக் கொத்தாக வந்தது. வாயால் ஊதினார், இருமினார், கண்ணில் தண்ணீர் வந்தது. விசிறியை மாட்டிப் போட்டார். ஓடியது. அறுபத்து நான்கு. முழுக்கச் சுத்தம் செய்ய நேரமில்லை. மாப்பிள்ளை வாசலுக்கு வந்துவிட்டார்.

மாமா வெளியே நின்று கேமராவைத் திருப்ப வேண்டும். அம்மாவும் மற்றப் பெண்களும் வீட்டுக்குள்ளே அக்காவோடு. முற்றம் முழுக்க ஆண்கள். அதைத் தாண்டி அம்மா நெல் அறைக்கு வர முடியாது. மிச்சம் நான்தான். மாமா என் கையைப் பிடித்து மவுஸில் வைத்தார்.

“இந்தா, இது எண். இது அத்தா வர்ற கட்டம். எழுபதைத் தொட்டா இந்தப் பெருக்கல் குறியில ஒரு அமுக்கு. கட்டம் மூடிரும், பெட்டிக்குப் பாரம் குறையும். நம்ம படம் அவருக்குப் போறதுதான் முக்கியம். அவர் படம் நமக்கு வரலேன்னாப் பரவால்ல. புரிஞ்சுதா? வேற எங்கயும் பார்க்காதே.”

புரிந்தது என்றேன். கட்டத்தில் அத்தா வந்தார். வெள்ளைச் சட்டை. ஏதோ சொன்னார். நிக்காஹ்வுக்கு இடைஞ்சல் என்று சத்தத்தை மாமா ஏற்கெனவே குறைத்துவிட்டார். நான் எண்ணுக்குத் திரும்பினேன்.

வெளியே பள்ளிவாசல் ஹஜரத் ஓத ஆரம்பித்தார். அறுபத்தாறு. இன்றைக்கு இவ்வளவு நேரமா ஓத வேண்டும் என்று இருந்தது. அறுபத்தெட்டு. எனக்குக் கண்ணில் தண்ணீர் கட்டியது, சிமிட்டவில்லை. அறுபத்தொன்பது வந்து நின்றது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். நான் மூச்சு விட்டால் ஏறிவிடும்போல. பெரியத்தாவைப் பேரைச் சொல்லி ஹஜரத் கூப்பிட்டார். எழுபது.

அமுக்கினேன். அத்தா இருந்த இடம் கறுப்பாயிற்று.

கொஞ்ச நேரம் எழுபதிலேயே நின்றது. பிறகு அறுபத்தொன்பது, அறுபத்தெட்டு. மாப்பிள்ளை “கபூல்” என்று சம்மதம் சொன்னார். எல்லோரும் ஆமீன் சொன்னார்கள். பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது.

ஆண்கள் சாப்பிடப் போனார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்களை உட்காரவைத்துவிட்டு அம்மா ஓடி வந்தார். பட்டுச்சேலை முதுகில் ஒட்டியிருந்தது. மாமாவும் உள்ளே வந்தார்.

“எங்க, காட்டு” என்றார் அம்மா.

மாமா கட்டத்தைத் திறந்தார். கறுப்புத்தான் வந்தது. அந்தப் பக்கம் பூட்டிவிட்டார்கள். கூடத்தில் போன் அடித்தது. பெரியத்தா எடுத்துப் பேசிவிட்டு அங்கிருந்தே சத்தம் போட்டார்.

“தெளிவாத் தெரிஞ்சுச்சாம்! எல்லாம் பார்த்துட்டானாம்! யாரும் அப்படியே நிக்கலையாம்! ரோட்டு பூத்துல நின்னு பேசுனான், காசு தீந்து கட்டாயிருச்சு!”

மாமா மூட்டைமேல் உட்கார்ந்து முகத்தைத் துடைத்தார். அப்புறம் பெரியத்தாவைக் கட்டிப்பிடிக்கக் கூடத்துக்கு ஓடினார். அம்மா என் பக்கம் திரும்பினார்.

“நீ பார்த்தியா அத்தாவை?”

“பார்த்தேன்.”

“மெலிஞ்சிட்டாங்களா?”

“தெரியலம்மா. நான் நம்பரைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்.”

“தாடி நரைச்சிருக்கா?”

“தெரியல. வெள்ளைச் சட்டை போட்டிருந்தாங்க.”

“வெள்ளையா? அப்புறம்?”

“அப்புறம் எழுபதைத் தொட்டுச்சு. மூடிட்டேன்.”

சொன்ன வேலையைச் சரியாகச் செய்தவளை என்ன சொல்வார்களோ அதற்காகக் காத்திருந்தேன். “சரிம்மா” என்றார். என் கழுத்தில் ஒட்டியிருந்த சுணையைத் தட்டிவிட்டார். பிறகு பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை.

“சுடும்மா” என்றேன்.

“ம்” என்றார்.

வேலை முடிந்துவிட்டது. படமும் இல்லை. ஆறட்டும் என்று விட்டுவிட்டு வர வேண்டியதுதானே, அதைத் தொட்டுக்கொண்டு ஏன் நிற்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. கூடத்தில் பெண்கள் பந்திக்குக் கூப்பிட்டார்கள். எனக்குப் பசித்தது. நான் போய்விட்டேன்.