ஏழு டன்

தர்பூசணியைத் தட்டுவதுபோல விறகுக் கட்டையை விரல் முட்டியால் தட்டி, காதைச் சாய்த்து, "பொய் சொல்லுது, உள்ளே ஈரம்," என்று ஒதுக்கி வைத்தார் ரொட்டிக்கடைக்காரர். நாற்காலியைக்கூடத் தட்டிவிட்டுத்தான் உட்காருவார். தெருவில் அவருக்குப் பெயரே 'தட்டிப்பார்'.

அடுப்புக்கு நாள் தவறாமல் விறகு பிளக்க வேண்டும். இன்னும் ஒரு வருஷம் கோடாலி பிடித்தால் வலது தோள் போய்விடும், அப்புறம் மாவு பிசையவும் முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவர் மருத்துவரையும் நம்பவில்லை. "அந்தாளு மெஷின்காரனுக்குச் சொந்தமா இருப்பான்." மின்சாரத்தில் விறகு பிளக்கும் இயந்திரத்தைக் கடையின் பின்புறத்துக்கு வரவழைத்தது மனைவிதான்.

விற்பனையாளன் அதைச் சக்கரத்தில் உருட்டிக்கொண்டு வந்தான்.

"ஏழு டன்னுன்னு போன்ல சொன்னே. ஒத்தை ஆளா உருட்டிட்டு வர்றியே?"

"எடை இல்லண்ணே. கட்டையை அமுக்குற பலம்."

"ஓ. கண்ணுக்குத் தெரியாத டன்னு."

அவன் வண்டியில் கொண்டுவந்திருந்த கட்டைகளை இறக்கவே ரொட்டிக்கடைக்காரர் விடவில்லை. "உன் கட்டை உன் பேச்சைத்தான் கேக்கும்." இரண்டு கோடாலிக் காம்புகளை முறித்த தன் கணுக்கட்டையைக் காலால் தள்ளி வந்தார்.

இயந்திரத்தில் நெஞ்சுயரத்துக்கு இரண்டு கைப்பிடிகள். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் ஆப்பு இறங்கும். ஒன்றை விட்டாலும் நின்றுவிடும். அங்கேதான் அவருக்கு மூக்கில் வியர்த்தது.

"என் ரெண்டு கையையும் அது எதுக்குப் பிடிச்சு வச்சுக்குது?"

"அந்த ரெண்டு கையாவது மிஞ்சட்டும்னுதான்," என்றாள் மனைவி.

விற்பனையாளன் அழுத்தினான். ஆப்பு கணுவில் சிக்கி முனகியது. "மூச்சு வாங்குது பாரு!" என்று அவர் மனைவியிடம் கண்ணடிப்பதற்குள் கட்டை படீரென்று இரண்டாயிற்று. இரண்டு பாதிகளையும் பொருத்திப் பார்த்தார். முன்பே ரம்பம் போட்ட தடம் இருக்கிறதா என்று நகத்தால் துழாவினார். நம் விறகுக் கொட்டகைக்குள் இவன் எப்போது புகுந்தான் என்றுகூட ஒரு கணம் யோசித்தார். தடம் இல்லை.

"நீங்களே அழுத்திப் பாருங்கண்ணே."

"பாக்காம வாங்க நான் என்ன கேனையனா?"

மனைவி அடுத்த கட்டையை நிறுத்தி வைத்தாள். அவருடைய இடது கை சட்டென்று பிடியில் போய் உட்கார்ந்தது. வலது கை பாதி வழியில் நின்றது. அவர் அவசரப்படவில்லை. விற்பனையாளன் மின்கம்பியைச் சரிசெய்யக் குனியும்வரை காத்திருந்தார். பிறகு இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, கைப்பிடியின் மேல் வைத்தார்.