என் மகளுக்கு வால் இருந்தது

என் மகள் பிறந்தபோது அவளுக்கு ஒரு வால் இருந்தது. இதைச் சொன்னால் யாரும் உடனே நம்புவதில்லை. விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரிப்பார்கள். என் சுண்டுவிரல் நீளம்தான். எலும்பில்லாமல், மெத்தென்று, முதுகு முடிகிற இடத்தில் கொஞ்சம் இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவள் வீறிட்டு அழும்போது அதுவும் லேசாகத் துடிக்கும்.

சிசேரியன் செய்துதான் அவளை எடுத்தார்கள். இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போயிருந்ததால் எல்லாப் பேச்சும் என் காதில் விழுந்துகொண்டிருந்தது. குழந்தை அழுதது. "முல்கி ஜாலி," பெண் பிறந்திருக்கிறாள் என்று நர்ஸ் மராத்தியில் சொன்னாள். அதற்கப்புறம் திரைக்கு அந்தப் பக்கம் எல்லாரும் ஒரே சமயத்தில் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"குழந்தைக்கு என்னாச்சு?" என்று கேட்டேன். பதற்றத்தில் தமிழில் கேட்டிருக்கிறேன். புனேயில் அந்த அறையில் அது ஒருவருக்கும் புரியவில்லை.

நான் கோயம்புத்தூரில் வளர்ந்தவள். கல்யாணமாகித்தான் புனே வந்தேன். என் கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். மாமனார் இளவயதில் வேலூர்ப் பக்கமிருந்து கிளம்பி, கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ரிட்டயர் ஆனவர். மாமியாரை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். வானவடியில் நாங்கள் வாங்கிய ஃபிளாட்டில் நான், கணவர், மாமனார் என்று மூன்று பேர். கணவருக்கு மகர்பட்டாவில் ஐ.டி. வேலை. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர்.

அதனால் வால் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வருஷா வருஷம் பரிணாமப் பாடம் எடுக்கிறவள். தாயின் வயிற்றில் இரண்டாவது மாதம் நம் எல்லாருக்கும் வால் இருந்தது, பிறகு அது கரைந்து உடம்போடு சேர்ந்துவிட்டது, அதன் மிச்சம்தான் நம் வால் எலும்பு என்று சொல்வேன். பெஞ்சில் நெளிந்து தொட்டுப் பார்க்கும் பிள்ளைகளைப் பார்த்து நானும் சிரிப்பேன். ஆனால் அன்றைக்கு என் பக்கத்தில் அவளைக் கொண்டுவந்து படுக்கவைத்தபோது நான் படித்தது ஒன்றும் கைகொடுக்கவில்லை. துணியை விலக்கிப் பார்த்தேன். மூடினேன். அழுதேன்.

கணவர் என் தலையைத் தடவிக்கொண்டே, "டாக்டர் கப்ராவாதீங்க, பயப்படாதீங்கன்னு சொல்றார். ரொம்ப அபூர்வமா இப்படி வருமாம். எடுத்துடலாமாம்," என்றார்.

சாயங்காலம் மாமனார் வந்தார். குழந்தையைப் புரட்டிக் காட்டினோம். அவர் வாசல் பக்கம் போய்ச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்து, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார்.

"மாருதி வந்துட்டாரும்மா," என்றார். அவர் கண் நிறைந்திருந்தது.

சனிக்கிழமை தவறாமல் மாருதி கோயிலுக்கு எண்ணெயும் எருக்கிலை மாலையும் கொண்டுபோகிறவர் அவர். அவருடைய சந்தோஷம் உண்மையானது என்று எனக்குத் தெரிந்தது. அது தெரிந்ததால்தான் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த வாரமே செய்தி பரவிவிட்டது. மாமனார் கோயிலில் யாரிடமோ சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை காலையில் எதிர்ஃபிளாட் காக்கூ, அந்த மராத்தி அம்மாள், தேங்காயும் மஞ்சள் குங்குமமுமாக வந்து நின்றார். அவர் பின்னாலேயே கீழ்மாடிக்காரர்கள், கோயில்காரர்கள், முகமே தெரியாதவர்கள். குழந்தையின் தொட்டிலைச் சுற்றி வாழைப்பழமும் செவ்வந்திப் பூவும் சேர்ந்தன. ஒருவர் சந்தேகம் கேட்டார்: "மாருதி பிரம்மச்சாரி ஆயிற்றே, பெண்ணாக எப்படி வருவார்?" இன்னொருவர், "வரணும்னு நினைச்சா வருவார், உங்ககிட்ட கேக்கணுமா?" என்று சண்டைக்குப் போனார். வேறு சமயமாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

சிஞ்ச்வட்டிலிருந்து கணவரின் அத்தை வந்தார். மாமனாரின் தங்கை. அவர் தேங்காய் கொண்டுவரவில்லை. அறைக் கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சீக்கிரம் வெட்டி எடுத்துடு. வெளிய ஒருத்தருக்கும் காட்டாத. நாளைக்குப் பொண்ணு கேட்டு வர்றவங்க காதுல விழுந்தா இன்னா சொல்லுவ?"

குழந்தைக்கு அப்போது தொப்புள்கொடிகூட விழவில்லை.

ஒரு பக்கம் கும்பிட்டார்கள், ஒரு பக்கம் மூடி மறைக்கச் சொன்னார்கள். மருத்துவமனைக்குப் போனால் அளவெடுத்தார்கள். எல்லாரும் வாலைப் பார்த்தார்கள். அவள் கொட்டாவி விடும்போது உதடு ஒரு பக்கம் கோணுவதை நானும் கணவரும் மட்டும்தான் பார்த்தோம்.

குழந்தைகள் அறுவை மருத்துவர் ஒரு பெண். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். வெளியே தெரிகிற வால் ஒன்றுமில்லை, அதன் அடி உள்ளே போய்த் தண்டுவடத்தின் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதுதான் கவலை என்றார். குழந்தை வளர வளர அது நரம்பை இழுக்கும். காலில் பலம் போகலாம். சிறுநீர் அடக்க முடியாமல் போகலாம். கொஞ்சம் எடை ஏறட்டும், பிறகு முதுகைத் திறந்து அந்த ஒட்டலை விடுவித்துவிடலாம் என்றார்.

மறுநாள் காலையில் பால்கனியில் இளவெயிலில் குழந்தையை மடியில் குப்புறப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமனார் வந்து எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"டாக்டரு இன்னாம்மா சொன்னாங்க? அவன்கிட்ட கேட்டா வாயே தொறக்க மாட்றான். நீ சொல்லு."

சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர், கால் என்றதும் குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

"சாமி குடுத்ததுல எப்படிம்மா கெடுதல் இருக்கும்?"

"சாமி குடுத்ததுன்னு நீங்க சொல்றீங்க மாமா. நான் படிச்சது வேறங்க."

"சரி. நீ படிச்சதச் சொல்லேன். ஸ்கூல்ல பசங்களுக்குச் சொல்ற மாதிரியே சொல்லு."

ஐந்து வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அவர் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. படிப்பும் நம்பிக்கையும் எங்கள் வீட்டில் ஒன்றையொன்று பார்க்காமல் நடமாடிக்கொண்டிருந்தன. சமையலறையில் என் பாடப்புத்தகம் கிடக்கும், பூஜை அலமாரியில் அவருடைய படங்கள் இருக்கும், அவ்வளவுதான்.

"வயித்துக்குள்ள எல்லாக் குழந்தைக்கும் மொதல்ல வால் முளைக்குங்க மாமா. அப்புறம் தானாக் கரைஞ்சிடும்."

"எல்லாருக்குமா? எனக்கும் இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

"அவன் அம்மாவுக்கு?"

"அத்தைக்கும் இருந்திருக்குங்க மாமா."

குழந்தையின் பாதத்தைத் தடவிக்கொடுத்தார். பிறகு, "எங்க ஜெனரல் மேனேஜர் சாஹேபுக்கு?" என்றார்.

"அவருக்குந்தான்."

தோள் குலுங்கச் சிரித்தார். குழந்தை பிறந்த பிறகு அந்த வீட்டில் யாரும் அப்படிச் சிரித்துக் கேட்டதில்லை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மடியிலிருந்தவள் குலுங்கி முனகினாள்.

"அப்போ எல்லாருமே கொஞ்ச நாள் ஆஞ்சநேயரா இருந்துட்டுத்தான் வெளிய வர்றோம்," என்றார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டிருக்கலாம். அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி சொல்லச் சொன்னவரிடம் நான் எப்படி அதைச் சொல்வேன்?

"ஆஞ்சநேயர் இல்லைங்க மாமா. மனுஷங்க வர்றதுக்கு எவ்வளவோ காலம் முன்னாடி, வால் இருந்த உயிருங்க வழியாத்தான் நாம வந்திருக்கோம். மீனு, பல்லி, அப்புறம் கொரங்கு மாதிரி ஒண்ணு. வந்த வழி இன்னும் நம்ம உடம்புல இருக்கு. இவளுக்கு அது கரையாம நின்னுபோச்சுன்னு சில டாக்டருங்க சொல்றாங்க. இல்ல, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, முதுகுத்தண்டு சரியா மூடாததால வந்த வளர்ச்சின்னு சில பேரு சொல்றாங்க. இன்னும் முடிவாத் தெரியலைங்க."

"உங்க படிப்புலயும் தெரியாதது இருக்குதா?"

"நெறைய இருக்குங்க மாமா."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது போல. மெல்லத் தலையை ஆட்டினார். நான் சொன்னதை அவர் ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். பல்லி என்றபோது அவர் முகம் சுருங்கியதைக் கவனித்தேன். எழுந்திருக்கும்போது சொன்னார்:

"நான் நம்பறது நான் நம்பறேன், நீ படிச்சது நீ படிச்ச. காலு ரெண்டும் இவளோடது. டாக்டரு சொன்னபடி செஞ்சிடுங்க."

அடுத்த சனிக்கிழமை வாசலில் மணி அடித்தபோது மாமனாரே போய்க் கதவைத் திறந்தார். பூத்தட்டோடு ஏழெட்டுப் பேர். நான் உள்ளே பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் குரல் கேட்டது. "தேவ் நாஹி. போர்கி ஆஹே." தெய்வமில்லை, பெண் குழந்தை. உடம்பு சரியில்லாத குழந்தை, தூங்கட்டும், போய் வாருங்கள். யாரோ கோபமாக ஏதோ சொன்னார்கள். அவர் அதையே திரும்பச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். பிறகு வெகுநேரம் பூஜை அலமாரி முன்னால் உட்கார்ந்திருந்தார். கூப்பிடாமல் விட்டுவிட்டேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் மருத்துவர் கேட்டார், மருத்துவ மாணவர்கள் வந்து பார்க்கலாமா என்று. முடியாது என்றேன். கேட்ட மாத்திரத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. அப்புறம் யோசித்தேன். நான் மாணவியாக இருந்தபோது இப்படி ஒன்று வந்திருந்தால் முதல் வரிசையில் போய் நின்றிருப்பேன். சரி, வரட்டும், என் மடியில்தான் இருப்பாள் என்றேன். ஐந்தாறு பேர் வந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெண் குனிந்து, வாலைப் பார்ப்பதற்கு முன்னால் குழந்தையின் முகத்தைப் பார்த்து, "ஹாய்," என்று மெல்லச் சொன்னாள். என் மகள் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பிறந்த சிசுவின் பிடி நம் முன்னோர் மரக்கிளைகளில் வாழ்ந்ததன் மிச்சமாக இருக்கலாம் என்று மருத்துவர் மாணவர்களுக்குச் சொன்னார். அந்தப் பெண் விரலை விடுவித்துக்கொள்ளாமல், மற்றவர்கள் போன பிறகும் நின்றுகொண்டிருந்தாள்.

அறுவை சிகிச்சை நடந்த நேரம் முழுவதும் மாமனார் நடைபாதை நாற்காலியில் கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டியிருக்கும் இழை, கொழுப்பு, நரம்பு என்று வரிசையாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய ஜபமும் என்னுடைய ஜபமும். என் கணவர் இரண்டும் இல்லாமல் நடந்துகொண்டே இருந்தார்.

நல்லபடியாக முடிந்தது என்று மருத்துவர் வந்து சொன்னார். மாமனார் ஒன்று கேட்டார்: எடுத்ததை என்ன செய்வீர்கள்? பரிசோதனைக்குப் போகும் என்றார் அவர். "ஆற்றில் விடக் கொடுப்பீர்களா?" முடியாது என்று பணிவாகவே சொன்னார். மாமனார் தலையசைத்தார். மறுநாள் கோயிலுக்குப் போய்விட்டு நேராக மருத்துவமனைக்கு வந்து, அவள் நெற்றியில் செந்தூரத்தை ஒரு பொட்டு வைத்தார். என்னைப் பார்த்தார். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

விடுப்பு முடிந்து பள்ளிக்குத் திரும்பிய வருஷம் பரிணாமப் பாடத்தின்போது ஒரு மாணவி எழுந்தாள். "மேம், இதெல்லாம் பொய்யின்னு எங்க வீட்ல சொல்றாங்க." முன்பெல்லாம் இந்தக் கேள்விக்குச் சுருக்கென்று பதில் வைத்திருப்பேன். வகுப்பே சிரிக்கும், கேட்டவர் உட்கார்ந்துவிடுவார். இப்போது அந்தப் பிள்ளையின் வீட்டில் யாரோ ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நிற்பது எனக்குத் தெரிந்தது. பாடத்தில் ஒரு வரியைக்கூட நான் குறைக்கவில்லை. மெதுவாக, அவள் பக்கமே பார்த்து, முதலிலிருந்து சொன்னேன்.

காலைக் கவனித்துக்கொண்டே இருங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டியில் அவள் வயதுப் பிள்ளைகள் எல்லாம் நடக்க ஆரம்பித்துவிட்டன. இவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே உலகத்தை விசாரித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கீழே புல்வெளியில், காக்கூவின் முழங்காலைப் பிடித்து எழுந்தவள் கையை விட்டாள். ஓர் அடி. நின்றாள். இன்னும் கொஞ்சம். நான் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. இடது கால், வலது கால், இரண்டும் ஒரே மாதிரி ஊன்றுகிறதா என்று மட்டும் பார்த்தேன். ஊன்றியது. தொப்பென்று விழுந்தாள். நாங்கள் மூவரும் தூக்கக் குனிந்தோம். அவள் இரண்டு கையையும் புல்லில் ஊன்றி, பின்பக்கத்தை மேலே தூக்கி, தானே எழுந்து நின்றுகொண்டாள். காக்கூதான் முதலில் கைதட்டினார்.

இப்போது அவள் ஒன்றாம் வகுப்பு. மாடிப்படியில் நடந்து வந்து நான் பார்த்ததில்லை, ஓட்டம்தான். போன வாரம் குளிக்கும்போது முதுகுத் தழும்பைப் பற்றிக் கேட்டாள். மறைக்காமல் சொன்னேன். சொன்னதும் ஆத்திரமாக வந்துவிட்டது அவளுக்கு.

"என்கிட்ட கேக்காம ஏன் எடுத்தீங்க? அது மேரா வால், என்னோடது. நான் மரத்துல லடக்கி இருப்பேன்!"

தொங்கியிருப்பேன் என்பதற்குத் தமிழ் வராமல் இந்தியைக் கலந்துகொண்டாள். வெளியே பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார், "நல்லாக் கேளு கண்ணு உங்கம்மாவ," என்று உரக்கச் சொன்னார். அவர் குரலில் சிரிப்பு இருந்தது. நான் துண்டால் அவள் தலையைத் துவட்டிக்கொண்டே காலைப் பற்றிச் சொன்னேன், ஓடுவதைப் பற்றிச் சொன்னேன். அவள் குனிந்து ஈரப் பாதம் இரண்டையும் பார்த்து, விரல்களை ஒவ்வொன்றாக ஆட்டப் பார்த்தாள். பெருவிரல் தனியாக ஆடியது, மற்ற நாலும் சேர்ந்தே ஆடின. அது ஏன் என்று கேட்டாள்.