காகிதம் அடைத்த கேசட்

பழைய கேசட்டுகளை உடைத்து, நாடாவை உருவி, காற்றில் ஆடும் உருவங்கள் செய்வது என் வேலை. வேலை என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். அரியலூரில் சொந்தக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் வேறு. குரும்பலூர்ப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் கேசட் மூட்டையாகக் கிடைக்கும். கொக்கு, சேவல் எல்லாம் செய்திருக்கிறேன். நாடாவை முழ நீளத்துக்கு வெட்டி மூங்கில் சிம்பில் கட்டித் தொங்கவிட்டால் போதும், பக்கத்தில் ஆள் மூச்சு விட்டாலே ஆடும்.

போன வருடம் ஆண்டிமடத்திலிருந்து அண்ணி ஒரு பை நிறைய கேசட் கொடுத்தனுப்பினார். எல்லாம் கடையில் வாங்கிய பாட்டு கேசட்டுகள். ஒன்றில் மட்டும் முதுகு விளிம்பில் இருக்கும் இரண்டு ஓட்டைகளிலும் காகிதம் திணித்திருந்தது. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். அந்த ஓட்டைகளை அடைத்தால்தான் பாட்டை அழித்து அதன்மேல் நாம் பேசிப் பதிய முடியும். வெளிநாடு போனவர்கள் அப்படித்தான் பேசி, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள்.

அண்ணன் மஸ்கட்டில் கட்டட வேலையில் இருந்தார். சாரம் சரிந்து அங்கேயே இறந்துபோனார். அவர் குரலைக் கேட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கேட்டே ஆகவேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் அது அண்ணிக்குப் பேசியது. தெரியாமல் பையில் போட்டுவிட்டார் என்று நினைத்து, அடுத்த பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போனேன்.

அண்ணி, கொட்டை எண்ணெய் கையைப் பொத்துவிடாமலிருக்கச் சாம்பலைப் பூசிக்கொண்டு முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். கேசட்டைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டார். ஆனால் வாங்கவில்லை.

"தெரிஞ்சுதான் குடுத்தேன் தம்பி. அதுல பொங்கலுக்கு வந்துடறேங்கிறாரு. எப்பப் போட்டாலும் வந்துடறேங்கிறாரு. நானும் வாசலப் பாத்துக்கிட்டே இருக்கேன்."

ஒரே ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன் என்றேன்.

"வேணாம் தம்பி. அப்புறம் நீங்களும் பாத்துக்கிட்டு இருப்பீங்க."

தூக்கிப்போடவும் மனசு வரவில்லையாம். ஆடுகிற மாதிரி ஏதாவது செய்து இந்த வீட்டிலேயே மாட்டச் சொன்னார். நாடாவை மட்டும் எங்கேயும் வெட்டக்கூடாது என்றார்.

வெட்டாமல் செய்வது லேசுப்பட்ட காரியமில்லை. ஒரு மூங்கில் வளையத்தில் நாடாவை மேலும் கீழுமாக மடித்து மடித்துத் தொங்கவிட்டேன். டேப்ரெக்கார்டர் பக்கத்திலேயே இருந்தது. வீம்புக்கு அதைத் தொடவில்லை. உருவம் எதுவும் நான் வைக்கவில்லை. ஆனால் அண்ணி வீட்டில் வாசல் கதவுக்கு நேராக மாட்டிவிட்டுப் பார்த்தபோது, அது ஆள் உயரத்துக்கு இருந்தது.

இந்த ஆடியில் போனேன். கதவைத் தள்ளியதும் காற்று உள்ளே புகுந்து, நாடா மொத்தமும் சரசரவென்று திரும்பியது. அடுப்படியில் வேலையாக இருந்த அண்ணி தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"வந்துட்டீங்களா?"

தம்பி என்று சொல்லவில்லை. தம்பி போடாமல் அண்ணி என்னிடம் பேசியதே கிடையாது. நான் வாயைத் திறந்தால் வந்தது யாரென்று தெரிந்துவிடும். நாடா ஆடி அடங்கும் வரை பதில் சொல்லாமல் வாசலிலேயே நின்றேன்.